பெட்டியடிப் பையனும் நானும்

போன மே மாசம் சென்னையில் ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். பி.காம் இரண்டாம் வருஷப் பரீட்சை முடிந்த கையோடு புதுக்கோட்டையில் ரயில் ஏறியாச்சு. கண்ணாடிக் கட்டடம், கார்டு தேய்த்தால்தான் கதவு திறக்கும், உள்ளே போனால் மார்கழிக் குளிர். 'நாம பெரிய ஆளாயிட்டோம்டா' என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு மூணு நாள்கூடத் தாங்கவில்லை :-)

முதல் வாரம் முழுக்க ஜெராக்ஸ் எடுத்தேன். ஃபைல்களுக்கு நம்பர் போட்டேன். இரண்டாவது வாரம் வவுச்சர் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். பில்லில் இருக்கும் தொகையும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் தொகையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்று என்றால் ஒரு டிக். அடுத்த பில். மறுபடி ஒரு டிக். காலையிலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும் இதேதான். உதவித்தொகை கிடையாது, கடைசியில் ஒரு சர்டிபிகேட் உண்டு.

அன்றைக்கு ராத்திரி ஊருக்கு போன் போட்டு அம்மாவின் அப்பாவிடம் புலம்பினேன். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பொன்னமராவதிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார்.

"ஏன் ஆத்தா அழுகுறே? பெட்டியடியில உக்காந்திருக்கே, அவ்வளவுதானே. எல்லாரும் அங்கேருந்துதான் எந்திரிச்சு வந்தாக."

பெட்டியடி என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. லீவில் ஊருக்கு வந்து அவரிடம் கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இன்டர்ன்ஷிப் என்பது அமெரிக்காவில் கண்டுபிடித்த சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் என் வகுப்புத் தோழர்கள் கட்டாயம் படிக்கவும்.

கொண்டுவிக்கப் போனவர்கள்

நம்ம மாவட்டத்தின் தெற்குப் பக்கம் போனால் ராயவரம், கடியாபட்டி, அரிமளம், ராங்கியம், நச்சாந்துபட்டி, விராச்சிலை, பொன்னமராவதி என்று ஊர் ஊராகப் பெரிய பெரிய வீடுகள் நிற்கும். பாதி வீடு பூட்டியிருக்கும். செட்டிநாடு என்றதும் எல்லாரும் காரைக்குடி என்பார்கள். ஆனால் அந்த நாட்டின் ஒரு பெரிய துண்டு பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தது. சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி மாவட்டத்தில் கலந்தது. 1974ல்தான் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது.

அந்த வீடுகள் கட்டிய பணம் நம்ம வறண்ட செம்மண்ணில் விளைந்தது இல்லை. இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், வியட்நாமின் சைகோன் வரைக்கும் போய்ச் சம்பாதித்தது. 1852 போரில் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள். 1869ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி நெல் போட ஆரம்பித்தார்கள். காடு வெட்டவும் மாடு வாங்கவும் பணம் வேண்டும். அந்தப் பணத்தை ஐரோப்பிய வங்கிகள் விவசாயிக்கு நேரடியாகத் தரத் தயாராக இல்லை. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள். இப்படி வெளிநாடு போவதை அவர்கள் வழக்கில் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள்.

எவ்வளவு பெரிய தொழில் தெரியுமா? 1929-30ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு என்று ஒன்று போட்டார்கள். அது எடுத்த கணக்கின்படி பர்மாவில் மட்டும் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள். அவர்கள் கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

இவ்வளவு கணக்கையும் எழுதியது யார்? பி.காம் படித்தவர்களா? ஒருத்தர்கூட இல்லை. அங்கேதான் நம்ம பெட்டியடிப் பையன் வருகிறான்.

கிட்டங்கியில் ஒரு நாள்

ரங்கூனில் மொகல் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு... இங்கெல்லாம் கிட்டங்கி என்று இருக்கும். நீளமான ஒரு கூடம். அதில் வரிசையாகப் பல நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் தரையில் கொஞ்சம் இடம், ஒரு மரப் பெட்டி, ஒரு சாய்வு மேசை. அவ்வளவுதான் ஆபீஸ். ராத்திரி ஆனால் அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். சமையல் பொதுவாக நடக்கும்.

நிறுவனத்துக்குப் பெயர் கிடையாது, விலாசம்தான். அதாவது தாத்தா, அப்பா பெயர்களின் முதல் எழுத்துக்கள். எம்.சி.டி.எம். என்பதெல்லாம் அப்படி வந்ததுதான். இன்றைக்குப் பெரிய ஆடிட் நிறுவனங்கள் மூணு எழுத்திலும் நாலு எழுத்திலும் பெயர் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்த விலாசம்தான் ஞாபகம் வருகிறது.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் சின்னப் பையன்தான் பெட்டியடிப் பையன். மீசை முளைக்கும் முன்பே கப்பல் ஏறியவர்கள் ஏராளம். காலையில் இடத்தைக் கூட்டுவது, கடைக்குப் போவது, சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, பெரியவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவது, எழுதியதைக் கூட்டிச் சரிபார்ப்பது எல்லாம் அவன் வேலை. (என் ஜெராக்ஸ் வேலை எவ்வளவோ தேவலை!)

அவன் தேறினால் அடுத்தாள் ஆவான். கடன் கேட்டு வருகிறவரை எடைபோடக் கற்றுக்கொள்வான். அதற்கும் மேலே தேறினால் மேலாள், அதாவது ஏஜென்ட். ஊரில் இருக்கும் முதலாளி அவருக்கு முக்தியார் எழுதிக் கொடுத்துவிடுவார். கடல் தாண்டி முதலாளியின் பணம் முழுக்க அவர் கையில். மேலாளாக இருந்து சேர்த்த பணத்தில் சொந்தமாக விலாசம் போட்டவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் சம்பளச் சீட்டு என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. பொதுவாக மூணு வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே குடும்பத்துக்காக முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். மேலாளுக்கு முடிவில் லாபத்தில் ஒரு பங்கு. மூணு வருஷம் முடிந்தால் அடுத்த மேலாள் கப்பலில் வந்து இறங்குவார். பழையவர் உடனே கிளம்பிவிட முடியாது. ஒவ்வொரு கணக்கையும் புதியவரிடம் விளக்கி ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏற வேண்டும்.

இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று, அந்த மூணு வருஷம். சி.ஏ. படிக்கிறவர்கள் ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்ய வேண்டும். 2023 ஜூலையில் வந்த புதிய முறையில் அது இரண்டு வருஷம். அதற்கு முன்னால் மூணு வருஷம்.

இரண்டு, ஆள் மாற்றுவது. 2013 கம்பெனிச் சட்டத்தில், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் ஒரே ஆடிட்டரைக் காலம் முழுக்க வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வந்தது. தனி ஆடிட்டர் என்றால் ஐந்து வருஷம், நிறுவனம் என்றால் பத்து வருஷம். அப்புறம் மாற்றியாக வேண்டும். புதுக் கண் வந்து பழைய கணக்கைப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும் என்பது இதன் தத்துவம். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புது மேலாளிடம் கணக்கை ஒப்படைத்ததற்கும் இதே பலன்தானே? கிட்டங்கியில் ஆடிட்டர் என்று தனியாக ஒருத்தர் இல்லை. அடுத்து வருகிறவர்தான் ஆடிட்டர்.

சிட்டை, குறிப்பு, பேரேடு, ஐந்தொகை

கணக்கு எப்படி எழுதினார்கள்? பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. அன்றாடம் நடப்பதைச் சிட்டையிலும் குறிப்பிலும் எழுதுவது. அதைப் பெயர் பெயராகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது. முடிவில் ஐந்தொகை. நாம் பிளஸ் ஒன்னில் 'இருப்புநிலைக் குறிப்பு' என்று படித்தோமே, அதுதான். இலங்கைத் தமிழ் மாணவர்கள் நீண்ட காலம் பள்ளிப் புத்தகத்திலேயே ஐந்தொகை என்றுதான் படித்தார்கள். எவ்வளவு சின்ன வார்த்தை! நாம் எப்படி விட்டோம்?

உண்டியல் என்றால் நமக்குக் கோயில் உண்டியல்தான் தெரியும். அவர்களுக்கு அது பணம் அனுப்பும் சீட்டு. காட்டிய உடனே பணம் கொடுத்தால் தரிசன உண்டியல். குறிப்பிட்ட நாள் கழித்துக் கொடுத்தால் தவணை உண்டியல். நம்ம புத்தகத்தில் வரும் மாற்றுச்சீட்டுப் பாடம் முழுக்க இதற்குள் அடங்கிவிடும்.

கால்குலேட்டர் இல்லாமல் வட்டி எப்படிப் போட்டார்கள்? இதற்கு விடை திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. எண்சுவடி என்று வாய்பாட்டுச் சுவடி. அதில் முழு எண் மட்டும் இல்லை, பின்னமும் வாய்பாடு. முந்திரி என்றால் 320ல் ஒன்று. காணி 80ல் ஒன்று. மா 20ல் ஒன்று. வீசம் 16ல் ஒன்று. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று இருந்த காலத்தில் (1957 ஏப்ரலில்தான் நூறு பைசா முறை வந்தது) இந்தப் பின்னம் மனசில் இல்லாதவன் கடை நடத்த முடியாது.

ஐயாவைச் சோதித்துப் பார்த்தேன். "1,350 ரூபாய், நூத்துக்கு மாசம் ஒரு ரூபா வட்டி, ரெண்டு மாசம் இருபது நாள். எவ்வளவு ஐயா?" நான் போனில் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் "முப்பத்தாறு" என்றார். எப்படி என்று கேட்டேன். "மாசத்துக்குப் பதிமூணரை. ரெண்டு மாசம் இருவத்தேழு. இருபது நாள்னா மாசத்துல மூணுல ரெண்டு பங்கு, ஒம்போது. போட்டுக்க." நான் வாயை மூடிக்கொண்டேன்.

கணக்கு சரி, ஆனால்...

இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால் 'ஆஹா நம்ம முன்னோர்கள்' என்று கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது.

முதல் விஷயம். 1930ல் உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். நெல் விலை பாதாளத்துக்குப் போனது. பர்மிய விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக இருந்த நிலம் கை மாறியது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938ல் 25 சதவீதம். அவர்களுக்கு நிலம் வேண்டாம், பணமாகத்தான் வேண்டும். வேறு வழியில்லாமல் எடுத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் புரியுமா? பேரேட்டில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்திருக்கும். பற்றும் வரவும் டாலி ஆகியிருக்கும். ஒரு குடும்பம் வயலை இழந்தது என்பதை எழுத அதில் பத்தி கிடையாது. அந்தக் கோபம் பர்மாவில் எல்லா இந்தியர்கள் மேலும் திரும்பியது.

பிறகு 1941 டிசம்பர் 23ல் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கானவர்கள் ஓடி வந்தார்கள், பெரும்பாலோர் நடந்தே. 1948ல் பர்மா சுதந்திரம் அடைந்தது, அதே வருஷம் நில தேசியமயச் சட்டமும் வந்தது. 1962ல் ராணுவ ஆட்சி வந்து மிச்சத்தையும் முடித்தது. 75 கோடி ரூபாய்க் கணக்கு பேரேட்டில் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது விஷயம் என் சொந்த விஷயம். ஐயாவின் அப்பா, அதாவது என் பூட்டன், ரங்கூனில் ஒரு கிட்டங்கியில் சமையல்காரர். 1942ல் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அந்தக் கூடத்தில் வருஷக்கணக்காக இருந்தார், பெட்டியடியில் உட்காரவில்லை. உட்காரவும் முடியாது. அந்தப் பயிற்சி ஒரு சாதிக்குள், ஒரு உறவு வட்டத்துக்குள் இருந்தது. நம்பிக்கைதான் மூலதனம், நம்பிக்கை கோயிலாலும் கல்யாண உறவாலும் கட்டப்பட்டது. ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்த ஏற்பாட்டின் பலமும் அதுதான், பூட்டும் அதுதான். பூட்டன் சமைத்துக்கொண்டே காதில் விழுந்த வாய்பாட்டை ஊர் திரும்பி மகனுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அப்படித்தான் ஐயா மில்லில் கணக்கு எழுதப் போனார்.

பெட்டியடிப் 'பையன்' என்ற வார்த்தையிலேயே இன்னொரு பூட்டும் இருக்கிறது. பொண்ணுக்கு அங்கே இடமில்லை. ஆச்சிமார்கள் தங்கள் சீர்ப்பணத்தை வட்டிக்கு விட்டு வளர்த்தார்கள், கணக்கில் புலிகள்தான். ஆனால் கப்பல் ஏறவில்லை.

இதைச் சொல்லும்போது சிவபோகம் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர். சிவபோகம், சென்னைக்காரர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். 1933ல் கணக்கியல் டிப்ளமாவில் தேறினார். இந்தியாவிலேயே அதில் தேறிய முதல் பெண். ஜெயிலுக்குப் போனவர்களைக் கணக்காளராகப் பதிவு செய்யக் கூடாது என்று விதியைக் காட்டித் தடுத்தார்கள். அவர் சட்டப்படி போராடி ஜெயித்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். சி.ஏ. இன்ஸ்டிடியூட் 1949ல் வந்தது. 1950களில் அதன் தென்னிந்தியக் குழுவுக்கே தலைவராக இருந்தார்.

என் இன்டர்ன்ஷிப்பில் எங்கள் குழுவில் ஒன்பது பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். யாரும் யாரிடமும் சாதி கேட்கவில்லை. பூட்டு திறந்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா? கொஞ்சம் பொறுங்கள். ஆறு வாரம் சம்பளம் இல்லாமல் சென்னையில் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடும் யார் தருவது? அம்மா ஒரு வளையலை அடகு வைத்தார்கள். என்னோடு அப்ளை செய்த கந்தர்வகோட்டைத் தோழிக்கும் இடம் கிடைத்தது. அவள் வரவில்லை. அவள் வீட்டில் அடகு வைக்க ஒன்றும் இல்லை. பெட்டியடிப் பையனுக்காவது சோறும் தங்க இடமும் முன்பணமும் கொடுத்தார்கள். முந்தைய காலத்து இங்கிலாந்தில் ஆர்ட்டிக்கிளாகச் சேர வேண்டும் என்றால் குடும்பம்தான் ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். வசதி இருக்கிறவன் பிள்ளை மட்டும் தொழிலுக்குள் வந்தான். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் நம்மை அந்த இடத்துக்குத்தான் திரும்பக் கொண்டுபோகிறது. பூட்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு டிக்

கடைசி வாரம் ஒரு சம்பவம். ஒரு பேரேட்டில் 3,600 ரூபாய் இடித்தது. ஐயா சொன்னது ஞாபகம் வந்தது: "வித்தியாசம் ஒம்போதுல மீதியில்லாம வகுந்துச்சுன்னா, எவனோ இலக்கத்தை மாத்திப் போட்டிருக்கான்." 3,600 ஒன்பதில் வகுபட்டது. அந்தக் கட்டைத் திரும்பப் புரட்டினேன். 18,450 என்ற பில்லை 14,850 என்று ஏற்றியிருந்தார்கள். ஏற்கெனவே நானே டிக் போட்ட பில்! பார்க்காமல் டிக் போட்டிருக்கிறேன். மேலே இருந்த அக்காவிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். "தப்பை நீயே கண்டுபிடிச்சல்ல, அதுதான் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆறு வாரத்தில் நான் கற்றது இதுதான். டிக் என்பது 'நான் பார்த்தேன்' என்று கொடுக்கும் வாக்கு.

ஊருக்குத் திரும்பியதும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீட்டுப் பழைய சாமான்கள் எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். ஒரு மூலையில் பழைய கணக்கு ஏடு ஒன்று கிடந்தது. நூறு ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். எல்லாம் தமிழ் எண்ணில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயா பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். ௧ ஒன்று, ௫ ஐந்து, ௰ பத்து, ௱ நூறு...

மூணாவது நாள் ஒரு பக்கத்தை நானே கூட்டினேன். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. கடைசியில் போட்டிருந்த கூட்டுத்தொகையும் என் தொகையும் ஒன்றாக இருந்தது. எந்த ஊரில் எந்தப் பையன் எழுதினானோ தெரியாது. பென்சிலால் ஓரமாக ஒரு டிக் போட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஏடு கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ். வீட்டில் வாய்பாடு தெரிந்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் போய் உட்காருங்கள். அதுவும் பெட்டியடிதான்.